மூலையில் நிறுத்துங்கள்: யாழ்ப்பாணத்து வீடொன்றைக் கைக்கு அடக்கமாகப் புதுப்பித்தல்

தைப்பொங்கலுக்கு முதல் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். சுண்ணாம்பு அடித்த காலத்தில் அது நல்ல வழக்கம். சுண்ணாம்புக்கு ஈரச் சுவர் பிடிக்கும். காய்ந்த சுவரென்றால் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் ஊறிய சுவர் அதற்குத் தோதாகவே இருந்தது. இப்போது அடிப்பது இமல்ஷன் பெயின்ற். அது காயும்போது சுவரின்மேல் ஒரு மெல்லிய தோலாகப் படியும். சுவருக்குள் நிற்கும் ஈரம் மாசி, பங்குனி வெயிலுக்கு வெளியே வரப் பார்க்கும், தோல் வழிவிடாது, கொப்புளித்து உரியும். பொங்கலுக்கு அடித்த பெயின்ற் சித்திரை வருடப்பிறப்புக்குள் உரிந்தால் கடைக்காரனையோ பெயின்ரரையோ ஏசிப் பயனில்லை. பொருள் மாறியது, நாள் மாறவில்லை.

இமல்ஷனுக்கு நல்ல காலம் மாசி நடுவிலிருந்து சித்திரை முடிய. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பிவிடும். வெளிச்சுவரில் ஈரப் பெயின்ற்றோடு புழுதியும் சேர்ந்து ஒட்டும். உள் அறைகளை யன்னலைச் சாத்திக்கொண்டு ஆவணி வரை செய்யலாம்.

வேலைக்குப் போகும் தாய் தகப்பன், பின்னேரம் ரியூசன், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கலியாண வீடு அல்லது அந்தியேட்டி. இப்படி ஓடும் வீட்டில் எதை முதலில் செய்வது என்று யோசிக்கும்போது எல்லோரும் விலையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, இந்த வேலையைப் பாதியில் விட்டால் என்ன நடக்கும் என்பது. யன்னலுக்கு நுளம்பு வலை போடும் வேலையை இரண்டு யன்னலோடு நிறுத்திவிட்டு மற்ற மாதம் தொடரலாம். ஒரு அறையின் சுவரை மூலையோடு நிறுத்தலாம். குளியலறை ரைல்ஸை உடைத்துவிட்டு நிறுத்த முடியாது. அன்றிரவே வீடு முடங்கும், அடுத்த நாள் மேசன் கேட்கும் கூலிக்கு ஓம் சொல்ல வேண்டிவரும். மலிவு என்று தொடங்கி விலை ஏறிய வேலைகளில் பெரும்பாலானவை நிறுத்த இடமில்லாத வேலைகள்தான். ஆகவே இரண்டு மணித்தியாலத் துண்டுகளாக வெட்டக்கூடிய வேலைகளை மட்டும் கையில் எடுங்கள். மிச்சத்துக்கு ஆள் பிடியுங்கள்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பொருள் விலை நின்ற இடத்தில் நிற்பதில்லை. அதனால் இங்கே ரூபாய்க் கணக்கு இல்லை, அளவுக் கணக்கு மட்டும்.

சுவரை முதலில் அறியுங்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று விதச் சுவர் இருக்கும். பாட்டனார் கட்டிய பகுதி சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பிறகு இழுத்த குசினியும் அறையும் சீமெந்துக்கல். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து, உடைந்ததைக் கிடைத்ததைக் கொண்டு அடைத்த இடங்கள் வேறு. மூன்றுக்கும் ஒரே பெயின்ற், ஒரே முறை என்று போனால் மூன்றில் ஒன்று கட்டாயம் காலை வாரும்.

சோதனை இலகு. கறுப்புத் துணியொன்றால் சுவரை அழுத்தித் துடையுங்கள். துணியில் வெள்ளை மாவாக ஒட்டினால் அடியில் இருப்பது சுண்ணாம்பு அல்லது வலு இழந்த டிஸ்ரெம்பர் (தூளாகக் கரைத்து அடிக்கும் பழைய வகைப் பூச்சு). அதன்மேல் நேரே இமல்ஷன் அடித்தால் பெயின்ற் சுவரைப் பிடிக்காது, மாவைத்தான் பிடிக்கும். மாவோடு சேர்ந்து தகடாகக் கழரும். இரண்டு வழி உண்டு. திரும்பவும் சுண்ணாம்பே அடிக்கலாம். இமல்ஷன்தான் வேண்டுமென்றால் சுவரை நனைத்து நனைத்துச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஊடுருவிப் பிடிக்கும் சீலர் ஒரு கோட் அடித்துவிட்டுத் தொடர வேண்டும். பழைய கல்வீட்டுப் பகுதிக்கு எங்கள் தெரிவு சுண்ணாம்பு. விலை குறைவு, சுவர் மூச்சு விடும், அடுத்த முறை சுரண்டும் வேலையும் இல்லை.

ஈரத்துக்கு இன்னொரு சோதனை. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் இடைவெளியின்றி ரேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர் துளிர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அந்தச் சுவருக்கு இன்னும் பெயின்ற் கூடாது. அறைப் பக்கத்தில் துளிர்த்தால் அது காற்றின் ஈரம், யன்னலைத் திறந்துவிட்டால் போதும். புதிதாகப் பூசிய சீமெந்துக்கு இந்தச் சோதனையோடு நாலு கிழமைப் பொறுமையும் வேண்டும்.

உப்புப் பூத்த சுவர்

குருநகர், பாசையூர், நாவாந்துறை, தீவுப்பகுதி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிலத்திலிருந்து மூன்று நாலு அடி உயரம் வரை சுவர் பொருமி, வெள்ளைப் பஞ்சுபோல உப்புப் பூத்து, பூச்சு மணலாகக் கொட்டும். காரணம் மூன்று. பழைய அத்திவாரத்தில் தார்ப் படை இல்லாததால் நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது. பூச்சுக்குக் குழைத்த கிணற்று நீர் உவர். அல்லது மணல் கடற்கரை மணல், உப்புக் கழுவப்படாதது. ஈரம் வெளியே வந்து காயும் இடத்தில் உப்பு பளிங்காகி விரியும்; பூச்சை உடைப்பது அந்த விரிவுதான்.

இங்கே மக்கள் அதிகம் செய்யும் பிழை, கீழ்ச் சுவரை எனாமல் அடித்தோ ரைல்ஸ் ஒட்டியோ மூடிவிடுவது. ஒரு வருடம் அழகாக இருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி ரைல்ஸுக்கு மேலுள்ள சுவரைத் தின்னத் தொடங்கும். மூன்று அடியில் இருந்த வருத்தம் ஐந்து அடிக்கு வரும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. முதலில் வெளியே போய்ப் பாருங்கள். சுவரோடு அணைத்து மண் குவிந்து உள் தரையைவிட உயர்ந்திருந்தால் அதை வெட்டித் தாழ்த்துங்கள். பூச்சாடி வரிசையை இரண்டு அடி தள்ளி வையுங்கள். கூரைப் பீலி ஒழுகி ஒரே இடத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலேயே ஈரம் குறையத் தொடங்கும், ஒரு சதமும் செலவில்லை. அடுத்து, ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை கெட்ட பூச்சைக் கொத்தி இறக்குங்கள். பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே எறியுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். பிறகு சுவரைத் திறந்தபடியே விடுங்கள். மாசியில் கொத்தினால் ஆடி வரை. பார்க்க வடிவில்லைதான், ஆனால் பாதியில் நிற்பதால் கெடாத வேலை இது. நிற்க நிற்க நன்மை. இடையிடையே உப்புப் பூத்தால் மீண்டும் தட்டிக் கூட்டுங்கள்.

பூசும்போது சீமெந்து வேண்டாம். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய மணல், குழைக்க மழைநீர். ஒரு அறையின் கீழ்ச் சுவருக்கு வேண்டிய தண்ணீர் சில வாளிகள்தான். அதற்கு மட்டும் உவர்க் கிணற்றை விட்டுவிடலாம். மேலே சுண்ணாம்பு அடித்து, புதுப் பூச்சு முடியும் உயரத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேல் உலர்ந்த சுவருக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தால் வேண்டுமென்றே செய்த அலங்காரம் போலிருக்கும். கீழ்ப் பகுதியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தனியாகப் புதுப்பித்தால் போதும்.

சுண்ணாம்பு கரைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது தெரிந்தவர்கள் குறைவு. நீற்றிய சுண்ணாம்புத் தூள் பையாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 5 கிலோவை 12 லீற்றர் தண்ணீரில் கரைத்து ஒரு இரவு ஊறவிட்டு, பழைய சேலைத் துணியில் வடித்து, பால் பதத்துக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும். நீற்றாத கல்லாக வாங்கினால் தண்ணீருக்குள் கல்லைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கல்லின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துச் சிதறும். பிளாஸ்ரிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது, இரும்பு வாளி எடுங்கள். கண்ணாடி, கையுறை கட்டாயம். பிள்ளைகள் கிட்ட வேண்டாம். அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, தண்ணீர் பூசியது போலிருக்கும். அதைப் பார்த்துத் தடிப்பாக அடிப்பவர்களுக்குத்தான் பிறகு வெடித்துக் கொட்டும். மெல்லிய கோட் மூன்று, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள். வெள்ளை காய்ந்த பிறகுதான் எழும்பும். கடைசிக் கோட்டில் கொஞ்சம் நீலம் கலப்பது கண்ணுக்கு வெள்ளையைக் கூட்டிக் காட்டும். அரிசிக் கஞ்சி சேர்க்கும் பழைய வழக்கத்தை விறாந்தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈர அறையில் கஞ்சி பூஞ்சணத்துக்குச் சாப்பாடு.

ஒரு அறைக்கு எவ்வளவு

சீமெந்துச் சுவருள்ள 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்று வைப்போம். சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. கதவு 21, நாலுக்கு நாலு யன்னல் இரண்டு 32. கழித்தால் 387 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 36 சதுர மீற்றர். ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 10 சதுர மீற்றர் என்று கணக்குப் போடுங்கள். ரின்னில் இதைவிடக் கூட எழுதியிருந்தால் அது கண்ணாடி போன்ற சுவருக்கான கணக்கு. இரண்டு கோட்டுக்கு 7.2 லீற்றர், ஆக 4 லீற்றர் ரின் இரண்டு. அடிப்பூச்சான பிரைமர் ஒரு கோட்டுக்கு 4 லீற்றர் ரின் ஒன்று. நிறம் கலந்து வாங்குவதென்றால் இரண்டு ரின்னையும் ஒரே நாளில் வாங்கி, வீட்டில் ஒரு பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். கிழமை கழித்து வாங்கும் ரின் ஒரு நூல் வித்தியாசத்தோடு வரும். அந்த ஒரு நூல் சுவர் நடுவில் பளிச்சென்று தெரியும்.

நிறத்தைக் கடையில் தெரிவு செய்யாதீர்கள். உங்கள் அறையில் எரியும் எல்ஈடி பல்ப் 6500 கெல்வின் என்றால் மெல்லிய மஞ்சள் செத்துப்போய்த் தெரியும். 3000 என்றால் அதே மஞ்சள் உயிர்க்கும். பல்பை மாற்றினாலே பெயின்ற் தேவையில்லை என்று தோன்றும் ஹோல்களும் இருக்கின்றன. முதலில் அதைச் செய்து பாருங்கள், செலவு பல்ப் ஒன்றுதான்.

வேலையை இப்படி வெட்டலாம். ஒரு பின்னேரம் தளபாடத்தை அறை நடுவுக்கு இழுத்து மூடி, சுவரைச் சுரண்டிக் கழுவுதல். இன்னொரு பின்னேரம் வெடிப்பு அடைத்தல். மயிர்க்கோட்டு வெடிப்பை அப்படியே பூசினால் திரும்ப வரும். சுரண்டியின் மூலையால் ஆங்கில வீ எழுத்துப் போலக் கீறித் திறந்து, தூசு தட்டி, நனைத்து, பிறகு பில்லர் (வெடிப்பு அடைக்கும் பசை) வையுங்கள். சுவரும் பிளேற்றும் (கொங்கிரீட் மேல்தளம்) சேரும் இடத்து வெடிப்பு வெயிலுக்கு அசைகிற வெடிப்பு, அதற்குப் பில்லர் நிற்காது. இழுபடக்கூடிய அக்கிரிலிக் சீலன்ற் வேண்டும். வெடிப்பின் நுனியில் பென்சிலால் திகதி போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். நீண்டிருந்தால் அது பெயின்ற் வேலை இல்லை, மேசனைக் கூப்பிட வேண்டிய வேலை.

சனி காலை 180 நம்பர் சான்ட் பேப்பர் தேய்த்து, தூசு துடைத்துப் பிரைமர். பின்னேரம் முதல் கோட், பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து. ஞாயிறு காலை இரண்டாவது. ஒவ்வொரு சுவரிலும் ஓரங்களை இரண்டரை அங்குலப் பிரஷ்ஷால் வரைந்து, அது காயமுன்னமே றோலரை ஓட்ட வேண்டும். நாலு சுவருக்கும் ஓரம் வரைந்து வைத்துவிட்டு றோலர் எடுத்தால், எங்கள் வெயிலுக்கு ஓரம் காய்ந்து, படத்துக்குச் சட்டம் போட்டது போல நிரந்தரமாகத் தெரியும். யாராவது வந்துவிட்டார்கள், பிள்ளையை ஏற்றப் போக வேண்டும் என்றால் தொடங்கிய சுவரை மூலை வரை முடித்துவிட்டு எழும்புங்கள். சுவர் நடுவில் விட்ட கோடு எத்தனை முறை மேலே அடித்தாலும் மறையாது. பிரஷ்ஷையும் றோலரையும் கழுவத் தேவையில்லை. பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் சுற்றிக் கட்டினால் அடுத்த நாள் வரை ஈரமாகவே இருக்கும். மாஸ்கிங் ரேப்பைப் பெயின்ற் முழுக்கக் காயமுன்னம் உரியுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் பெயின்ற்றும் கூட வரும்.

குசினி

விறகடுப்புப் புகை படிந்த சுவருக்கு எத்தனை கோட் இமல்ஷன் அடித்தாலும் தேயிலைச் சாய நிறத்தில் கறை மேலே வரும். கறை தண்ணீரில் கரைவது, இமல்ஷன் தண்ணீரில் ஆனது. நடுவில் எண்ணெய் வகை அண்டர்கோட் ஒன்று போட்டு அடைக்க வேண்டும். அதற்கு முதல் கழுவ வேண்டும்: 5 லீற்றர் சுடுநீருக்கு வோஷிங் சோடா இரண்டு மேசைக் கரண்டி, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். சவர்க்காரத் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு வடியும் கோடுகள் காய்ந்த சுவரில் பதிந்துவிடும். அலசுவது மேலிருந்து கீழாக. தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு விரலுக்குத் தட்டுப்படும் வரை அதன்மேல் எதுவும் ஒட்டாது, விலை கூடிய பெயின்ற்றும் ஒட்டாது.

கதவு, யன்னல் பழைய எனாமலைத் தேய்க்கும்போது ஒரு கவனம். இலங்கையில் பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய எனாமல் என்றால் உலரத் தேய்க்க வேண்டாம்; தண்ணீர்ச் சான்ட் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறியுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முழுவதும் உரித்து முதிரை, வேம்பு மரத்தை வெளியே காட்டும் ஆசையை விடுவது நல்லது. பளபளப்புப் போகும் அளவு தேய்த்து மேலே அடித்தால் போதும்.

யன்னலுக்கு வலை

மழைக்குப் பிறகு டெங்கு வரும் ஊரில் இதைவிடப் பயனுள்ள மலிவு வேலை இல்லை. எங்கள் யன்னல்களின் இறக்கை வெளிப்பக்கம் திறக்கும், நடுவில் கம்பி. ஆகவே வலை உட்பக்கம் வரும். நாலுக்கு நாலு யன்னலுக்கு பைபர்கிளாஸ் வலை நாலேகால் அடிச் சதுரம், வெல்குரோ (ஒட்டிப் பிரிக்கும் பட்டி) 17 அடி. மெத்தென்ற பக்கத்தை வலையின் ஓரத்தை மடித்து அதோடு தையல் மெசினில் தையுங்கள். முள்ளுப் பக்கம் மரச் சட்டத்துக்கு. அதன் பின்னால் இருக்கும் பசையை மட்டும் நம்பினால் பங்குனி வெயிலுக்கு இளகிச் சரியும். சட்டத்தைத் தின்னரால் துடைத்து ஒட்டிவிட்டு ஆறு அங்குலத்துக்கு ஒரு சின்ன ஆணி அல்லது ஸ்ரேப்பிள் அடியுங்கள். சுவர்ப் பூச்சில் ஒட்ட வேண்டாம், பெயின்ற்றையும் உரித்துக்கொண்டு வரும். பின்னேரம் ஆறு மணிக்கு யன்னல் சாத்தக் கை வெளியே போக வேண்டும் என்பதை மறந்து நாலு பக்கமும் இறுக்கியவர்கள் ஒரு கிழமையில் வலையைக் கிழித்துவிடுவார்கள். கொக்கி இருக்கும் கீழ் மூலையில் இரண்டு பக்கமும் ஒரு அடிக்கு ஆணி அடிக்காமல் வெல்குரோ மட்டும் விடுங்கள். கை போகும், திரும்ப ஒட்டும். அளவெடுப்பதும் ஒட்டுவதும் பத்து வயதுப் பிள்ளை செய்யக்கூடிய வேலை.

தட்டு அடிக்கத் துளை போடுவதென்றால் சீமெந்துச் சுவரில் 6 மில்லிமீற்றர் பிற், அதற்குரிய றோல் பிளக், 8ஆம் நம்பர் ஸ்குரூ. சுண்ணாம்புக்கல் சுவரில் டிரில்லின் ஹமர் (தட்டித் துளைக்கும்) சுவிச்சை அணைத்துவிட்டுத் துளையுங்கள், இல்லையென்றால் சாந்து உதிர்ந்து துளை அகன்று பிளக் சுற்றும். சுற்றினால் பெரிய பிளக் தேடாதீர்கள். துளையை நனைத்துச் சீமெந்துப் பசை அடைத்து, பிளக்கை அதில் புதைத்து இரண்டு நாள் விட்டு ஸ்குரூ போடுங்கள். சுவரிலுள்ள மின் சுவிச்சுக்கு நேர் மேலும் கீழும் துளைக்கவே கூடாது, வயர் அந்த வழியாகத்தான் போகும். வயரிங் வேலை, அஸ்பெஸ்ரஸ் சீற்றைச் சுரண்டுவது, அதில் துளை போடுவது, அதன்மேல் ஏறுவது எல்லாம் வீட்டுக்காரர் தொடாத வேலை.

சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தால் அதன்மேல் ரைல்ஸ் ஒட்டி மூடாதீர்கள். கழுவிக் காயவிட்டு, சிவப்புப் பொலிஷ் மெல்லியதாகத் தடவி, பொச்சுமட்டையால் தேய்த்தால் பழைய மினுக்கம் வந்துவிடும். உடைந்த இடத்தை அடைக்கும் சீமெந்துக்குச் சிவப்புத் தூள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; தாண்டினால் பலம் போகும். ஒட்டு என்னவோ ஒரு வருடத்துக்கு வேறு நிறமாகத்தான் தெரியும்.

வேலை முடிய மிஞ்சும் பெயின்ற்றைச் சின்னப் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி, எந்த அறை என்று எழுதி வையுங்கள். காற்று குறைந்தால் காலம் கூடும். பிரஷ் கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் மழைநீர், அந்தக் கல்லில் வெடிப்பும் துளையும் நிறைய. கழுவிய வாளியை ஒரு நாள் அசையாமல் வைத்தால் பெயின்ற் அடியில் படியும். தெளிந்ததைக் கிணற்றிலிருந்து தூரத்தில் மண்ணில் ஊற்றிவிட்டு, அடியில் நிற்பதைப் பழைய பத்திரிகையில் கவிழ்த்துக் காயவைத்துக் குப்பையோடு கொடுத்துவிடலாம்.